கேட்டால் விரலைத் தூக்குங்கள்

நூற்றெண்பத்தொன்பது டாலர்.
கூரியர்காரன் வாசலில் சாத்திவிட்டுப் போன
ஆளுயர அட்டைப்பெட்டி.
மேலே கொட்டை எழுத்தில்: அப்படியே பொருந்தும்.
பொருந்தாது என்று எனக்கு அப்போதே தெரியும்.
ஹால்வரின் முகத்தைப் பார்த்துவிட்டு
வாயை மூடிக்கொண்டேன்.

துலூத்தில் ஏப்ரல்.
ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது.
ஐந்து மாதம் சாலையில் கொட்டிய உப்பெல்லாம்
இந்தச் சிவப்பு மியாட்டாவின் அடிவயிற்றில்தான் சேர்ந்திருக்கிறது.
இரண்டு பேர் உட்காரலாம் இதில்,
மூன்றாவதாக ஒரு பால் டப்பாவுக்கும் இடமில்லை.

காரை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றிவிட்டு
கராஜின் சிமென்ட் தரையில் மல்லாந்தோம்.
டார்ச் என் கையில்.
"அங்கே அடிக்காதே, இங்கே."
இங்கே என்பது எங்கே என்பதில்
கொஞ்ச நேரம் போனது.

மூன்று போல்ட்டுகள்.
முதலாவது முனகிக்கொண்டே வந்தது.
இரண்டாவதற்கு எண்ணெய் தெளித்து
சாப்பிட்டுவிட்டு வந்தோம்.
மூன்றாவது,
ஸ்பேனர் பிடியில் குழாயைச் செருகி
அவன் முழு எடையையும் போட்டுத் தொங்கியபோது,
தலை மட்டும் கழன்று கையோடு வந்தது.
கண்ணிமையில் துருத்தூள்.
"சரி" என்றான்.
அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக
அதற்கு மேல் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவன் வேலை அப்படி.
நுரைப்பஞ்சு ஒட்டிய அறைக்கு வெளியே உட்கார்ந்து
கொசு அளவுச் சத்தங்களை
அடுத்தவர் காதுக்குள் அனுப்புகிறவன்.
கேட்டால் விரலைத் தூக்குங்கள்,
இந்த ஒரு வாக்கியத்தை
ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறவன்.

பழைய சைலன்சரை அறுத்து இறக்கிப்
புல்லில் கிடத்தினோம்.
என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை.
யாரையும் தொந்தரவு செய்யாமலிருக்க
இவ்வளவு இரும்பு வேண்டியிருக்கிறது.

புதியதை ஒரு கையில் தூக்கிவிட்டேன்.
மினுமினுப்பு. பப்பாளி அளவு வாய்.
மாட்டவேண்டிய கம்பி
ரப்பர் வளையத்துக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது.
சோப்புத் தண்ணீர் தடவினான்,
கெஞ்சினான், சுத்தியால் தட்டினான்.
குழாயை நான் தோளில் தாங்கியிருந்தேன்.
"இன்னும் கொஞ்சம்" என்றான்.
இன்னும் கொஞ்சம் என்னிடம் இல்லை,
எங்கிருந்தோ கொடுத்தேன்.
ப்ளக் என்று உட்கார்ந்தது.
அட்டைப்பெட்டி சொன்னது பொய்யில்லை, ஒருவகையில்.

சாவியைத் திருகினான்.

அலமாரியில் பெயின்ட் டப்பாக்கள் நடுங்கின.
நாலு வீடு தள்ளி ஒரு நாய்.
என் பற்களுக்குள் எதுவோ இடம் மாறியது.

எதிர்வீட்டு எமில் வாஸ்கோ
செருப்போடு படியில் வந்து நின்றார்.
கப்பலில் இரும்புத்தாது கொட்டும் துறையில்
முப்பத்தெட்டு வருடம்.
போன செவ்வாய்க்கிழமை ஹால்வரின் அறையில்
இடது காதுக்கு ஒருமுறைகூட
கையை அசைக்காதவர்.
இப்போது அங்குமிங்கும் பார்த்தார்.
பிறகு, மெதுவாக,
ஆட்காட்டி விரலைத் தூக்கினார்.

ஹால்வர் அணைத்தான். விரல் இறங்கியது.
போட்டான். ஏறியது.
மூன்றாம் முறை
சாவியைத் தொடாமலே காத்திருந்தான்.
எமில் விரலைத் தூக்கினார்.

"ஏமாற்றுகிறார்" என்றான்,
கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.
முகம் இன்னும் கறுப்பானது.
"எல்லோரும் ஏமாற்றுவார்கள்.
கேட்கவில்லை என்று சொல்ல
யாருக்கும் மனசு வராது."

இருட்டுவதற்குள் ஏரிக்கரை நெடுஞ்சாலை.
ஐம்பது மைலில் ஒரு குரல், எழுபதில் வேறு குரல்.
சரியாக அறுபதில் மட்டும்
நெஞ்சுக்கூட்டுக்குள் தேன்கூடு வைத்தாற்போல்
ஒரே ரீங்காரம்.
அந்த அறுபதில்தான் போய்க்கொண்டிருந்தான்.

என் பக்கம் திரும்பி
என்னவோ சொன்னான்.
நீளமாகச் சொன்னான்,
உதடு அவ்வளவு அசைந்து நான் பார்த்ததில்லை.
ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

விரலைத் தூக்கினேன்.